கரியின் கணுக்காலும் இடுப்பும்

கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரி என்றதும் எல்லோருக்கும் தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறும் ‘மூன்று புள்ளி வீச்சு’ நினைவுக்கு வரும். எனக்கு அவருடைய வலது கணுக்கால்தான் முதலில் நினைவுக்கு வரும். 2009இல் அமெரிக்காவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் சேர்ந்த அவருக்கு 2011இலும் 2012இலும் அந்தக் கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. 2011-12 பருவத்தில் அவர் ஆடியது 26 ஆட்டங்கள் மட்டுமே.

பின்னாளில் அணியின் உடற்பயிற்சிக் குழு கணுக்காலைவிட இடுப்பின் மீதே அதிகக் கவனம் செலுத்தியது. ஓட்டத்தில் சட்டென்று நின்று திசை மாறும்போது எழும் விசையை இடுப்பும் பின்தொடையும் வாங்கிக்கொண்டால் கணுக்காலுக்குச் சுமை குறையும் என்பதே அதன் அடிப்படை. மெலிந்த தேகம் கொண்ட கரி, தரையிலுள்ள எடையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் பயிற்சியில் 400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 180 கிலோ தூக்கினார் என்று படித்தபோது வியந்துபோனேன். அதற்காக அவர் கைத்திறனைச் சற்றும் தளரவிடவில்லை. ஒரு கையால் பந்தைத் தட்டிக்கொண்டே மறு கையால் டென்னிஸ் பந்தைப் பிடிக்கும் பயிற்சியும் தொடர்ந்தது. 2015-16 பருவத்தில் 402 மூன்று புள்ளி வீச்சுகளை வளையத்தில் சேர்த்தார்.

நான் மாலை நேர ஆட்டக்காரன்தான் என்றாலும், தோளில் கனமான எடை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சி செய்த கையோடு களத்துக்கு வந்தால் என் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கால்கள் தராத விசையைத் தோள் ஈடுகட்ட முயலும்போது முழங்கை வெளியே விலகிவிடுகிறது. ஆகவே இப்போது முதலில் பந்து வீசிப் பழகுகிறேன். எடைகளை அதற்குப் பிறகே தொடுகிறேன்.