பன்னிரண்டு தோட்டா

ஜனவரி 7, 2025, செவ்வாய். கொழிஞ்சாம்பாறை

நெல்லியாம்பதிப் பெரியவர் காலையிலேயே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். கம்பளியில் சுற்றின துப்பாக்கி, பிளாஸ்டிக் உறையில் லைசென்ஸ், தூக்குப்பாத்திரத்தில் எஸ்டேட் காபி. மூன்றையும் என் துப்பாக்கி ரிப்பேர்க் கடை மேஜையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

375 ஹாலந்து அண்டு ஹாலந்து மேக்னம் தோட்டா போடுகிற ரைபிள். மவுசர் 98 மாதிரி போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் கைத்தண்டு. அவருடைய அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் தோட்டத்தோடு சேர்த்து வாங்கியது. இந்தத் தோட்டா 1912-இல் வந்தது. இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் யானை, காட்டெருமை வேட்டைக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு இதுதான். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. பெரியவரும் யாரையும் எதையும் சுடப் போவதில்லை.

"லைசென்ஸ் புதுப்பிக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் ஸ்டேசன்ல கொண்டுபோய்க் காட்றேன் தம்பி. சுடாத துப்பாக்கியக் காட்டி கையெழுத்து வாங்கறது எனக்கே ஒரு மாதிரி இருக்கு. சரியாகுமா?"

"பண்ணிரலாமுங்க ஐயா."

2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் ஓர் ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டானபோது, இவர் கொடுத்துவிட்டது பன்னிரண்டு போர் ஷாட்கன். காட்டுப்பன்றியைச் சமாளிக்க உதவுவதை விட்டுவிட்டு இதை வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டு அலமாரியில் பூட்டினேன்.

தோட்டா இரண்டு வகை கொண்டுவந்திருந்தார். பழைய கைனாக் கம்பெனிப் பொட்டலத்தில் பதினொன்று. சில வருசத்துக்கு முன் டீலரிடம் வாங்கினது பன்னிரண்டு. பழசை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். அதற்குள் இருப்பது கார்டைட் என்ற பழைய காலத்து வெடிமருந்து, வயதும் தெரியாது. விசையை இழுத்தால் 'டிக்' என்று ஓய்ந்துவிடலாம். வெடிக்கவில்லையே என்று போல்டைத் திறக்கும்போது வெடிக்கலாம். ஆக, வேலை முழுவதும் பன்னிரண்டு தோட்டாவுக்குள் முடிய வேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றினேன். நல்ல வால்நட். போல்டுக்குப் பின்னால், இரும்பின் வால் மரத்தில் முடிகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, கைப்பிடியை நோக்கி நாலு சென்டிமீட்டர் ஓடியிருக்கிறது. எண்ணெய் அழுக்கு ஏறிக் கறுத்துப்போய்க் கிடந்ததால் முதல் நாள் கண்ணில் படவில்லை.

இந்த மாதிரி துப்பாக்கிகள் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உதையை வாங்க வேண்டியது அடியில் இருக்கும் லக் என்ற இரும்புப் புடைப்பு. அது மரத்தில் இறுக்கமாக உட்காராவிட்டால், ஒவ்வொரு சுடுதலுக்கும் மொத்த இரும்பும் ஒரு நூல் பின்னால் நகரும். வால் ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும். 19 கிராம் குண்டு நொடிக்கு 760 மீட்டர் வேகத்தில் முன்னால் போனால் பின்னால் வருவது சும்மாவா வரும்?

வெடிப்பை மெல்ல அகட்டி, அசிட்டோனால் கழுவி, அரால்டைட்டை ஊசியால் ஏற்றிக் கட்டிவைத்தேன். நாளை லக் உட்காரும் குழியைச் சுரண்டி அங்கேயும் நிரப்ப வேண்டும். வாலுக்குப் பின்னால் மட்டும் அரை மில்லி இடைவெளி விடுவேன். பார்க்கிறவர்கள் 'இடுக்கு விட்டுட்டானே, கைவேலை சரியில்லை' என்பார்கள். சொல்லட்டும்.

ஜனவரி 13, திங்கள். போகி

தோட்டா உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று பார்க்க நிஜத் தோட்டாவை எடுக்க முடியாது. லேத்தில் பித்தளைக் கம்பியைக் கடைந்து நாலு டம்மி செய்தேன். 91 மில்லி நீளம், பின்னால் பெல்ட் என்ற வளையமும் உண்டு. யாரும் நிஜமென்று ஏமாறக் கூடாதென்று பக்கவாட்டில் ஆளுக்கு மூன்று துளை.

மருமகன் கேட்டான்: "ஏன் மாமா 375, 465, 470ன்னு கோணல்மாணலா நம்பர் வைக்கறாங்க?"

எல்லாவற்றுக்கும் கதை தெரியாது, 465-க்கும் 470-க்கும் தெரியும். 1900-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரச் சர்க்கார் இந்தியாவில் 450 அளவுத் தோட்டாவைத் தடை செய்தது. அந்தத் தோட்டா கலகக்காரர் கையிலிருக்கும் மார்டினி-ஹென்றி ரைபிளுக்குப் போய்விடும் என்று பயம். துப்பாக்கிக் கம்பெனிக்காரன் வியாபாரத்தை விடுவானா? அளவைக் கொஞ்சம் தள்ளிப் புதுத் தோட்டா செய்தான்.

தோட்டா அடுக்கும் மேகசினில் டம்மி போட்டு ஓட்டினால் மூன்று போகிறது, ஒன்று சேம்பரிலேயே, குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறையிலேயே, தங்கிவிடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் முனை உடைந்திருக்கிறது.

காரணம் உடனே தெரிந்தது. மவுசர் நகம், மேகசினிலிருந்து தோட்டா மேலே ஏறும்போதே அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். கவ்வினதை வெளியே எறியும் வரை விடாது. இதனால்தான் அபாய மிருகத்துக்குப் போகிறவர்கள் இந்த அமைப்பைக் கட்டி அழுகிறார்கள். பதற்றத்தில் போல்டைப் பாதி தள்ளிப் பின்னால் இழுத்தாலும் இரண்டு தோட்டா மாட்டிக்கொள்ளாது. ஆனால் தோட்டாவைக் கையால் சேம்பரில் போட்டுவிட்டு போல்டை அடித்து மூடினால், நகம் விளிம்பின் மேல் ஏறித் தாண்ட வேண்டும். தாண்டித் தாண்டி ஒருநாள் உடையும். பெரியவருக்கு போன் போட்டேன்.

"ஒவ்வொண்ணாத்தானே தம்பி போடுவேன்? அப்பா அப்படித்தான் போடுவாரு."

ஜனவரி 18, சனி

பொங்கலுக்கு மூன்று நாள் கடை பூட்டு. பழைய 8 மில்லி மவுசர் ஒன்று உதிரியாகக் கிடந்தது, அதன் எக்ஸ்ட்ராக்டரை எடுத்தேன். சாதாரண மவுசர் தோட்டாவின் விளிம்பு 12 மில்லி, இதற்குப் பதின்மூன்றரை. நகத்தின் உள்பக்கத்தைக் கல்லில் தேய்த்து, டம்மியில் பார்த்து, மறுபடி தேய்த்து. மதியச் சோறு மறந்துபோச்சு. சாயங்காலம் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து போல்டை ஓட்டினேன். நாலும் ஏறின, நாலும் தரையில் விழுந்தன. மருமகன் எழுபது தடவை ஓட்டினான். அதற்கு மேல் கை வலி என்றான்.

விசை ஏறக்குறைய இரண்டு கிலோ இழுவை. குறைக்கச் சொல்வார்கள் சிலர். கை நடுங்குகிற நேரத்துக்கான துப்பாக்கிக்கு லேசான விசை ஆகாது. தொடவில்லை.

ஜனவரி 27, திங்கள்

மூன்று நாளாகக் கடையில் ஒரே பேச்சு, வயநாட்டு மானந்தவாடிப் புலி. வெள்ளிக்கிழமை காப்பித் தோட்டத்துக்குப் போன பெண்ணை அடித்துவிட்டது. நேற்று ஆட்கொல்லி என்று அறிவித்தார்கள். இன்று விடிகாலை செத்துக் கிடந்தது.

எதிர்க்கடைச் சேட்டன் அலமாரியைக் காட்டி, "இது கொண்டு கடுவயெ வெடிவெச்சூடே?" என்றார், இதை வைத்துப் புலியைச் சுடக் கூடாதா என்று. முடியாது சேட்டா என்றேன். கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு போடலாம். புலிக்கும் யானைக்கும் அப்படிக் கிடையாது. பன்றிக்கும் இதை எடுக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பன்றியைத் துளைத்துக்கொண்டு போன குண்டு, பின்னால் யார் வீட்டுச் சுவரில் நிற்கும்?

அவர் போன பிறகு, குறி பார்க்கிற முன் சைட் வேலை. முனையில் முன்பு யானைத் தந்தத்தில் ஒரு மணி இருந்ததாம், எப்போதோ உதிர்ந்துவிட்டது. பித்தளையில் கடைந்து வைத்தேன், வேண்டுமென்றே ஒரு மில்லிக்குக் கிட்ட உயரமாக. அராவினால் குறைக்கலாம், வளர்க்க முடியாது.

பிப்ரவரி 2, ஞாயிறு. சுடுதளம்

பாலக்காட்டுக் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஐம்பது மீட்டரில் அது இந்தக் குண்டை ஒன்றும் செய்யாது, அட்டையைத்தான் பிடுங்கியது. நாலு மூலையிலும் ஆணி.

முதல் மூன்று: உள்ளங்கைக்குள் அடங்குகிற கூட்டம். ஆனால் ஏழு சென்டிமீட்டர் கீழே, இரண்டு வலப்பக்கம். மனசுக்கு நிம்மதி. உயரமான சைட்டுக்குக் கீழேதான் விழ வேண்டும்.

கணக்கு எளிது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே அரை மீட்டர், அட்டை ஐம்பது மீட்டர். நூறு மடங்கு. சைட்டில் ஒரு மில்லி, அட்டையில் பத்து சென்டிமீட்டர். குண்டு எந்தப் பக்கம் போகிறதோ, முன் சைட்டும் அந்தப் பக்கமே போக வேண்டும். கீழே என்றால் குறை, வலம் என்றால் வலப்பக்கம் தட்டு. தட்டினேன், பிறகு அரை மில்லி மட்டும் அராவினேன்.

அடுத்த இரண்டு: இரண்டு சென்டிமீட்டர் கீழே, நேர்கோட்டில். இன்னும் இரண்டு இழுப்பு, மைக்ரோமீட்டர், பொடித் துணியால் துடைப்பு. அடுத்த இரண்டும் கறுப்பு வட்டத்துக்குள் ஒட்டிக்கொண்டன. கட்டையைத் திருப்பி வெடிப்பைப் பார்த்தேன், அசையவில்லை.

ஏழு போயிற்று. பெரியவர் "ஒண்ணே ஒண்ணு" என்றார். எழுபத்துநாலு வயது. நின்றுகொண்டுதான் சுடுவேன் என்று பிடிவாதம். மேஜையில் சாய்ந்து சுட்டால்தான் இது தோள்பட்டையைப் பெயர்க்கும், நின்றால் உடம்பு உதையோடு போகும். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. வட்டத்துக்கு மேலே ஒரு ஜாண். ஒரு அடி பின்னால் போய் நின்றார், தொப்பி விழுந்துவிட்டது, அதைக் குனிந்து எடுக்கக்கூட இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ஒப்படைத்தாயிற்று. பழைய கைனாக்கை முறைப்படி டீலரிடம் ஒப்படைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பாக்கி நாலு தோட்டா. மேகசின் கொள்வதும் நாலுதான்.

டம்மி நாலையும் அவரிடமே கொடுத்தேன். "ஓட்டிப் பாருங்க ஐயா." ஒன்றை எடுத்தார். விரல் தானாகவே நேரே சேம்பருக்குப் போயிற்று. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மேகசின்லீங்க."

சிரித்துவிட்டார். டம்மியை வெளியே எடுத்து, மேகசினில் வைத்துக் கட்டைவிரலால் கீழே அழுத்தினார், பிறகு போல்டை மெதுவாக முன்னால் தள்ளினார்.