முயலுக்குப் புல்தான் சோறு

நுவரெலியாப் பக்கம் மரக்கறிக்குக் குறைவில்லை. அதனாலேயே வீட்டு முயலுக்குக் கரட்டும் கோவா இலையுமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பாவம், அதன் வயிறு அதற்கானதல்ல. வளர்ந்த முயலின் சாப்பாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லோ காய்ந்த புல்லோ இருக்க வேண்டும். பல் வாழ்நாள் முழுக்க வளரும். புல்லின் நாரை அரைத்து அரைத்துத்தான் தேயும். குடல் ஓடுவதும் நாரால்தான்.

கினிப்புல் நல்லது. தேயிலை மலையோரம் அறுத்தால் களைக்கொல்லி அடித்த இடமா என்று கேட்டுவிட்டு அறுங்கள். மழைக்காலத்தில் புல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். கூரைக்குக் கீழே மெல்லிசாகப் பரப்பி, தண்டு ஒடிக்கும்போது சடக்கென்று முறியும் வரை உலர்த்துங்கள். புளித்த வாடை வந்தால் வீசிவிடுங்கள்.

2 கிலோ முயலுக்கு பெல்லட் (அழுத்திச் செய்த கடைத் தீவனம்) நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். கொத்தமல்லி, கரட் இலை ஒரு கைப்பிடி. கரட் கிழங்கு சீனி கூடியது, எப்போதாவது ஒரு துண்டு. லீக்ஸ், வெங்காயம், உருளைக்கிழங்குச் செடி அறவே வேண்டாம்.

புது உணவை 7 முதல் 10 நாளில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். புழுக்கை சிறுத்தாலோ, 12 மணித்தியாலம் சாப்பிடாவிட்டாலோ உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், விடியும்வரை பார்த்திருக்காதீர்கள்.