மட்கார்டைக் கடைசியில் மாட்டுங்கள்

நின்ற இடத்திலேயே பைக் சாய்ந்து விழுந்தால்கூட முன்பக்கம் முறுக்கிக்கொள்ளும். சக்கரம் நேராகப் போகும், ஹேண்டில்பார் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு பக்கம் விரல் தாராளமாக நுழையும், மறுபக்கம் நுழையாது. தம்பி வண்டி இந்தக் கோலத்தில்தான் என்னிடம் வந்தது. "மட்கார்டை மட்டும் கொஞ்சம் நெளிச்சு விடுண்ணே, போதும்" என்றான். மாட்டேன் என்றேன்.

மட்கார்டு கோணலாகத் தெரிந்தால், பெரும்பாலும் கோணல் அதில் இல்லை. முன்சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் இரண்டு ஃபோர்க் கால்களையும் பிடித்துக்கொண்டு நிற்கிற பொருள் அது. ஒரு கால் முன்னே தள்ளிப் போனால் கூடவே திரும்பும். சாதாரண ஃபோர்க் உள்ள பல வண்டிகளில், மட்கார்டின் இரும்புப் பட்டை இரண்டு கால்களையும் இணைக்கும் பாலமாகவும் இருக்கிறது. அதை வம்படியாக இழுத்து போல்ட் போட்டால் கால்களும் இழுபடும். அப்புறம் ஃபோர்க் ஏறி இறங்கும்போது பிடித்துப் பிடித்துப் போகும்.

அதனால் முதலில் மட்கார்டைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பக்கவாட்டில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், அருகில் இருக்கும் ஃபோர்க் குழாய் தூரத்துக் குழாயை முழுதாக மறைக்க வேண்டும். இங்கே இரண்டும் கத்தரிக்கோல்போலக் குறுக்கே போயின. கண்ணை நம்பாதவர்கள், கனமான கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு குழாய்களுக்கும் குறுக்கே வைத்து அழுத்திப் பார்க்கலாம். மூலைக்கு மூலை ஆடினால் முறுக்கு இருக்கிறது.

எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிட்டுத்தான் போல்ட்டுகளில் கை வைக்க வேண்டும். ஃபோர்க் குழாய்களை மேலேயும் கீழேயும் கவ்விப் பிடிக்கும் குறுக்குத் துண்டுகளான மேல் டி, கீழ் டி இரண்டையும் ஒன்றாகத் தளர்த்தினால் பிடிப்பு போய், குழாய்களின் மேல் வண்டி சறுக்கி இறங்கிவிடும். சில வண்டிகளில் மேல் டியில் குழாயை நெருக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட் இருக்காது, குழாயின் மூடி போல்ட்டே அந்த வேலையைப் பார்க்கும். இரண்டு டிகளோடு, மேல் டியின் நடு போல்ட்டையும் சக்கரத்தின் அச்சான ஆக்சிலையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் திருகினேன். 'டக்'கென்று வந்துவிட்டது. மறுபடி கண்ணாடி வைத்தேன், ஆடவில்லை. மேல் டிக்கு மேலே குழாய்கள் சம உயரத்தில் நிற்கின்றனவா என்றும் அளந்துகொண்டேன்.

ஆடிக்கொண்டே இருந்தால் குழாயே வளைந்திருக்கலாம். கழற்றிக் கண்ணாடியில் உருட்டினால் தெரிந்துவிடும். வளைந்த குழாயைத் திருப்பி வைத்து, நேராக இருப்பதுபோலக் காட்டும் வித்தை ஒன்று உண்டு. அது வண்டியை விற்கப்போகிறவனின் வித்தை.

இறுக்கும்போது பலரும் ஆக்சிலில்தான் அவசரப்படுகிறார்கள். டி போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, ஆக்சில் நட்டையும் இறுக்கியாயிற்று. ஃபோர்க் காலின் அடியில் ஆக்சிலை நெருக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை இன்னும் தொடக் கூடாது. ஜாக்கியை எடுத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து தடவை நன்றாக அமுக்கி விட வேண்டும். ஆக்சிலின் மேல் அந்தக் கால் தானே நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகுதான் பிஞ்ச் போல்ட்.

சரி, இனி மட்கார்டு. எல்லா போல்ட்டும் கையாலேயே ஏற வேண்டும். இடது பக்கம் பட்டைக்கும் காலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. இழுத்து மூடாமல் ஒரு வாஷர் போட்டேன். நீளமான போல்ட் போட்டால் முனை உள்ளே டயரை உரசும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டேன், இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி.

எல்லாம் முடிந்தும் தம்பி, "இடது கைப்பிடி இன்னும் தாழ்வா இருக்கே" என்றான். விழுந்ததில் ஹேண்டில்பாரே அந்தப் பக்கம் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தித் தர மாட்டேன், புதிது வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.