சித்தி கடையும் சிவப்புப் பட்டனும்

நேத்து சாயங்காலம் சித்தி கடையில எங்க டீம் செஞ்ச தட்டுவடை செட் மெஷினுக்கு வெள்ளோட்டம். செட்டுன்னா ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னி, வெங்காயம், பீட்ரூட் வெச்சுக் குடுக்குறது. மோட்டார், பம்ப், சுத்துற தட்டு வேலை பாத்தவனுங்க எல்லாம் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னானுங்க. ஸ்கிரீன் மட்டும் என்னோடது. "நாலு பட்டன்தானடா, ஒரு ராத்திரி வேலை"ன்னு அதை என் தலையில கட்டினது யாருன்னு சொல்லவே வேண்டாம்.

நாலு பட்டனாம்! சேலம் அம்மாப்பேட்டையில ஜனங்க செட் கேக்குற அழகைக் கேட்டிருக்கானா அவன்? "காரச் சட்னி வைங்க, ஆனா காரமா வேணாம்." "வெங்காயம் தூக்கலா, பீட்ரூட் இருந்தும் இல்லாம." காரத்துக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரை ஸ்லைடர் ஒண்ணு வரைஞ்சு காட்டினேன். "யாரு கண்ணு ரெண்டரைக் காரம்னு கேப்பாங்க?"ன்னுச்சு சித்தி. ஸ்லைடர் போய், கம்மி, அளவா, தூக்கலான்னு மூணு பட்டன் வந்துச்சு.

ஸ்கிரீன் வாங்குறதுக்கே தனிப் பஞ்சாயத்து. போன்ல இருக்குற மாதிரி, விரல் பட்டாலே எடுத்துக்கிற கெப்பாசிட்டிவ்தான் வேணும்னு ஒருத்தன் ஒத்தக்கால்ல நின்னான். பீட்ரூட் துருவின ஈரக்கையைப் பாத்தா அது பேய் பிடிச்ச மாதிரி தானா அமுங்கும்னு சண்டை போட்டு, அழுத்தினாத்தான் வேலை செய்யிற ரெசிஸ்டிவ் வாங்க வெச்சேன். அதுக்கு ஈரமோ எண்ணெயோ பொருட்டே இல்ல.

அடுத்து நிறம். காரச் சட்னிக்குச் சிவப்புப் பட்டன், புதினாவுக்குப் பச்சைன்னு டீமே கூத்தாடுச்சு. நான் விடல. மெஷின்ல சிவப்புன்னா நிறுத்துறது. எமர்ஜென்சி ஸ்டாப் சிவப்பா இருக்கணும், அதுக்குப் பின்னாடி மஞ்சள் இருக்கணும்னு மெஷின் பாதுகாப்புக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 13850ல விதியே இருக்கு. அதனால சட்னி ரெண்டுக்கும் வெள்ளைப் பட்டன், மேல கொட்டை எழுத்துல பேரு. பொட்டி ஓரத்துல குண்டா ஒரு சிவப்புப் பொத்தான்.

முதல் ஆளு வந்தாரு. "காரம் தூக்கலா." சித்தி கண்ணாடியும் போடல, ஸ்கிரீனையும் பாக்கல. அந்தப் பொட்டியிலயே சிவப்பா இருக்குறது எதுன்னு பாத்து, உள்ளங்கையால ஒரே அறை. பம்ப் நின்னு, தட்டு நின்னு, மேல்வடையைக் கவ்வின கை அந்தரத்துல நின்னுச்சு. பொத்தானைத் திருகி விட்டாலும் மெஷின் தானா கிளம்பக் கூடாது, திரும்ப ஸ்டார்ட் குடுக்கணும், அதுவும் விதி. குடுத்தோம். தட்டு ஒரு சுத்து வந்துச்சு. மறுபடி அறை.

"ஏங்க்கா, அடிச்சாத்தான் சட்னி ஊத்துமா?"ன்னு அவரு கேட்டாரு.

டீம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பாத்துச்சு. "உன் யூஐ, அந்த ஸ்கிரீன் டிசைன்தான் சரியில்லடா." விதியை எவனும் திரும்பிப் பாக்கல.

சித்தி அலட்டிக்கல. நெத்தியில இருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை உரிச்சு, ஸ்கிரீன்ல 'காரம்' மேல ஒட்டி, கட்டை விரலால நீவி விட்டுச்சு. அழுத்துற ஸ்கிரீன்தானே, பொட்டு மேல அழுத்தினாலும் எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் ஒரு செட்டும் தப்பல. பொட்டு தட்டுப்பட்டா காரம், அதுக்கு அடுத்தது புதினா. ஸ்கிரீனைப் பாக்காமலே தடவித் தடவி அழுத்திக்கிட்டு, கஸ்டமர்கிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டிருந்துச்சு. வெறும் நெத்தியோட.

டீம் தலைவர் பொட்டை போட்டோ எடுத்து, ரிப்போர்ட்ல 'டாக்டைல் பீட்பேக்'னு, அதாவது தொட்டாலே தெரியுற அடையாளம்னு போட்டுட்டாரு. கீழ என் பேரு இல்ல, சித்தி பேரும் இல்ல.

கடை சாத்துறப்ப சித்தி என்னைத் தனியாக் கூப்பிட்டு, "கடன் சொல்றவங்களுக்கு ஒரு பட்டன் வை கண்ணு, எத்தனை தடவை அமுக்கினாலும் வடை வராத மாதிரி"ன்னுச்சு. இப்ப அதைத்தான் வரைஞ்சுக்கிட்டிருக்கேன்.