ஒழுங்கைக்குள் வாளோடு வருபவர்கள்

90களில் கனடாவின் ஸ்காபரோவில் வி.வி.ரி., ஏ.கே. கண்ணன் என்று தமிழ் வன்முறைக் குழுக்கள் மோதிக்கொண்டபோது இங்கே யாழ்ப்பாணத்தில் பலர் அதை வெளிநாடு போய்க் கெட்ட பெடியளின் கதையாகத்தான் பார்த்தார்கள். வி.வி.ரி. குழு வல்வெட்டித்துறையின் பெயரையே தூக்கிக்கொண்டு திரிந்தது. பயந்து வாழ்ந்தது அங்கே குடியேறிய எங்கள் சனம்தான். 1997 இல் கோப்பிக் கடையில் இருந்த ஒரு பல்கலைக்கழக மாணவன், எந்தக் குழுவிலும் இல்லாதவன், சுடப்பட்டுச் செத்தான்.

பிறகு அது இங்கேயும் வந்தது: 2014 வாக்கில் ஆவா குழு என்ற வாள்வெட்டுக் குழுவின் பெயர் கொக்குவில், சுன்னாகம் பக்கம் அடிபடத் தொடங்கியது. இங்கே குழுக்களின் பெயர்கள் மாறலாம், வரும் முறை மாறவில்லை. முகத்தைக் கட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் நம்பர் பிளேட்டை மறைத்து, படலையைக் கொத்தி, யன்னல் கண்ணாடியை உடைத்து, முற்றத்தில் நிற்கும் ஓட்டோவுக்குத் தீ வைத்துவிட்டுச் சில நிமிடத்தில் போய்விடுவார்கள்.

ஒழுங்கைகளும் மாறிவிட்டன. வேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில், சொந்தக்காரர் கனடாவில், வீட்டில் யாரோ வாடகைக்கு. பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாதபோது எவர் சாட்சி சொல்ல வருவார்? பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள் என்று சொல்வது லேசு, ஆனால் 2016 இல் கொக்குவில் குளப்பிட்டியில் பொலிஸ் சுட்ட சம்பவத்தில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் செத்ததை யாரும் மறக்கவில்லை. சரி, அதற்காக வாள் தூக்கியவனுக்குப் பாட்டுப் போட்டு டிக்டொக்கில் வீடியோ விடுவதா? அவன் வெட்டுவது எங்கள் சனத்தைத்தான். கோயில் சபையிலும் சனசமூக நிலையத்திலும் இருக்கிறவர்களே, பெடியன் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும்போதே தாய் தகப்பனைக் கூப்பிட்டுக் கதையுங்கள்.