கயிறும் சாக்பீஸும் வைத்து டோ சரிசெய்தது

காரின் இடது டை ராடு எண்டை (ஸ்டியரிங்கின் அசைவை முன் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராடு என்ற கம்பியின் நுனி மூட்டு) நானே மாற்றினேன். அதற்கப்புறம் நேர்ச் சாலையில் போகும்போதே ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. முன் டயரைக் குறுக்காகத் தடவினால், ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பப் பல் போல உறுத்தல். உள்விளிம்பும் தேயத் தொடங்கியிருந்தது. டோ என்பது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. இது டோ-அவுட், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

டயர்களில் காற்றைச் சரியாக வைத்து, காரைச் சமதரையில் நிறுத்தினேன். முன் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கில் தூக்கி, டயரின் நடுவில் சாக்பீஸ் தீட்டினேன். ஒரு கட்டையில் அடித்த ஆணியை அசையாமல் அதில் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், மெல்லிய கோடு ஒன்று டயரைச் சுற்றி விழும். ரிம் சற்றே கோணலாக இருந்தாலும் இந்தக் கோடு ஏமாற்றாது. பிறகு அச்சு உயரத்தில், சக்கரத்தின் முன்னும் பின்னும் கோட்டிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்தேன். அடியில் இருக்கும் பாகங்கள் டேப்பை மறிக்காமல், இடது, வலது புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை முன்னும் பின்னும் தரையிலேயே அளந்துகொள்ளலாம்.

இங்கேதான் அரை நாள் போனது. அளக்க அளக்க ஒவ்வொரு முறையும் வேறு எண். ஜாக்கை இறக்கியதும் டயர் தரையைக் கவ்விக்கொண்டு, சஸ்பென்ஷனை இயல்பான இடத்துக்கு வரவிடாது என்பது பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு முறையும் காரைப் பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் உருட்டி நிறுத்தினேன். பிரேக்கைத் தொடவில்லை. அதன்பின் எண் நிலைத்தது: பின்பக்கத்தைவிட முன்பக்கம் 5 மில்லிமீட்டர் அகலம்.

கோளாறு நான் மாற்றிய பக்கத்தில்தான் என்பதால் இடது டை ராடை மட்டும் தொட்டேன். இரண்டு பக்கமும் திருப்பியிருந்தால் ஸ்டியரிங் சாய்ந்தபடியே இருந்திருக்கும். என் காரில் டை ராடு அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. நீட்டினால் டோ-இன் ஆகும், அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பும். ராடை மூடும் ரப்பர் உறையின் (பூட்) கிளிப்பைத் தளர்த்தாமல் ராடைத் திருப்பினால் பூட் முறுக்கிக் கிழிந்துவிடும், மறக்க வேண்டாம். லாக் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று, உருட்டி அளந்தேன்: 1.5 அகலம். இன்னும் கால் சுற்றுக்குச் சற்று மேல். இப்போது முன்பக்கம் 1 மில்லிமீட்டர் குறைவு, கையேடு சொல்லும் 0–2 மில்லிமீட்டர் டோ-இன் வரம்புக்குள். ராடை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கி, மறுபடி ஒருமுறை அளந்தேன். இறுக்கும்போதே அளவு நழுவக்கூடும்.

சக்கரத்தின் மற்றச் சாய்வுக் கோணங்களான கேம்பர், கேஸ்டர் இரண்டையும் நான் தொடவில்லை. ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் நேராக நிற்கிறது, திருப்பத்திலிருந்து தானாகவே நடுவுக்கு வருகிறது.