பால் நோட்டில் ஒரு கிணறு

கோவைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எடுக்கிறேன், தண்ணீரும் காற்றும் எப்படி ஓடுகின்றன, அழுத்துகின்றன என்று சொல்லும் பாடம். முதல் எட்டு வருடம் பாடம் நடத்தினேன் என்று சொன்னால் பொய். நோட்ஸ் கொடுத்தேன். டூ மார்க் அறுபது, பெரிய கேள்வி இருபது, இதைப் படித்தால் பாஸ். பையன்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் இரண்டு வருடம் விடியலில் எழுப்பிவிட்டு, எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பது வரை இன்னொருவர் சொல்லிப் படித்து வந்தவர்கள் பலர். கல்லூரியிலும் அதே வேலையைச் செய்ய ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நானாக இருந்தேன்.

வருடா வருடம் முதல் வகுப்பில் ஜி.டி.நாயுடு கதையும் உண்டு. ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மறுபடி பூட்டி, தானாகவே தொழில் கற்றுக்கொண்ட மனிதர். பையன்கள் கைதட்டுவார்கள். தட்டி முடித்ததும், “சார், இன்டர்னலுக்கு எந்த யூனிட் வரைக்கும்?”

காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் ஒருநாள் எழுந்து நின்று கேட்டான். “ஏனுங் சார், வெயில் காலம் வந்தா எங்க தோட்டத்துக் கெணத்துல மோட்டார உள்ள இறக்கிருவோமுங்க. மேல இருந்தே இழுக்காதுங்களா?”

“அது அஞ்சாவது யூனிட்டுப்பா, அப்புறம் பாக்கலாம்” என்றேன். அஞ்சாவது யூனிட்டும் வந்தது. டெஃபனிஷனை எழுதிப் போட்டேன், கிணறு ஞாபகத்துக்கே வரவில்லை.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை என்பதுதான் விஷயம். அது உறிஞ்சு குழாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியிலிருக்கும் காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றால் தாங்க முடிவது சுமார் 10.3 மீட்டர் தண்ணீர், அதாவது 34 அடி. குழாய் உராய்வு, குழாயின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட் வால்வு, தண்ணீர் ஆவியாகும் அழுத்தம் எல்லாம் போக, கைக்குக் கிடைப்பது 22 முதல் 25 அடி. அதற்குக் கீழே நீர்மட்டம் போனால் எந்தக் கம்பெனி மோட்டாரானாலும் திணறும். அதனால்தான் நம் ஊர் ஆழக் கிணறுகளில், பாதி ஆழத்தில் திட்டு கட்டி மோட்டாரை உட்கார வைத்தார்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் போதும். சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவனே வந்தான், கையில் பழைய பால் சொசைட்டி நோட்டு. காலை, மாலை என்று லிட்டர் எழுதும் கட்டங்களில் அடி எழுதியிருந்தான். கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மோட்டாருக்கும் நீர்மட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்திருக்கிறான். காலை 19, மாலை 23. ஒரு கட்டத்தில் 26 என்று எழுதி, பக்கத்தில் பென்சிலில் ‘கல்லு உருளற சத்தம்’. அதுதான் கேவிடேஷன், அழுத்தம் குறைந்து தண்ணீரில் உண்டாகும் ஆவிக் குமிழிகள் பம்புக்குள் உடையும் சத்தம். எட்டு வருடம் போர்டில் எழுதியிருக்கிறேன், அந்தச் சத்தத்தை ஒரு தடவைகூட நின்று கேட்டதில்லை.

“எங்கய்யன் இருவத்தஞ்சடிக்கு மேல இழுக்காதுன்னாருங்க. ஏன்னு அவருக்குத் தெரியல. புஸ்தகத்துல பாத்தா முப்பத்தினாலுன்னு போட்டிருக்குது. மிச்சம் ஒம்பதடி எங்க போச்சுங்க சார்?”

அடுத்த வருடம் நோட்ஸை நிறுத்தினேன். ஆளுக்கொரு பம்பு செட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள், ஊருக்குப் போகும்போது கேள்வியோடு போங்கள் என்றேன். பாதிப் பேர் ஒரே நோட்டைப் பார்த்து எழுதினார்கள். சிலர் துறைத் தலைவரிடம் புகார் செய்தார்கள், அவர் பாஸ் பர்சன்டேஜ் என்ன ஆகும் என்று கேட்டார். கடைசி வாரத்தில் பயந்துபோய் அந்த இருபது கேள்விகளை நானே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் பாதி வருடங்களில் அப்படித்தான் முடிகிறது. ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, இருந்தும் “பிடிஎஃப் அனுப்புங்க சார்” என்றுதான் வாட்ஸப்பில் வருகிறது. பையன்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டவனை உட்கார வைத்தவன் நான்.

கோவை கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்த ஒன்பதில் ஒன்றரை அடி போய்விடுகிறது என்று அவன் நோட்டோடு வந்த அன்றைக்குச் சொன்னேன். உடனே, “அப்ப ஊட்டியில எத்தன அடி இழுக்குமுங்க?” என்றான். வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, நீயே போட்டுப் பார் கண்ணு என்றேன். ராத்திரி நானும் உட்கார்ந்து போட்டேன்.

காலையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றான். “பதினெட்டடி வருதுங்க சார். ஆனா அங்க தண்ணி சில்லுன்னு இருக்குமில்லீங்க, ஆவியாகறது கம்மி. அதுக்கு ஒரு அடி கூட்டிக்கலாமுங்களா?”

என் தாளில் தண்ணீரின் வெப்பநிலை 30 டிகிரி என்று இருந்தது.